பிராந்திக்குக் காலாவதி இல்லை, பதநீருக்குப் பத்து மணி

வீட்டுல பிராந்தி பாட்டில் இருந்தா ஒரு தடவை திருப்பிப் பாருங்க. தயாரிச்ச மாசம் இருக்கும். பேட்ச் நம்பர் இருக்கும். 42.8 சதவீதம்னு ஆல்கஹால் அளவு இருக்கும். உடல்நலத்துக்குக் கேடுன்னு எச்சரிக்கையும் இருக்கும். எந்தத் தேதிக்குள்ள குடிக்கணும்னு மட்டும் இருக்காது. அச்சடிக்க மறந்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. 10 சதவீதமோ அதுக்கு மேலயோ ஆல்கஹால் இருக்கற பானத்துக்குக் காலாவதி தேதி போட வேண்டியதில்லைன்னு நம்ம நாட்டு உணவு லேபிள் விதியே சொல்லுது. பீருக்குத் தேதி உண்டு. பிராந்தி, விஸ்கி, ரம் இதுக்கெல்லாம் கிடையாது.

நெல்லு, கரும்பு, மாடுன்னு எழுதிட்டிருந்த ஆளு இப்ப பிராந்திக்கு வந்துட்டானேன்னு யோசிக்காதீங்க. காரணம் இருக்கு. நான் விளைவிக்கற எல்லாத்துக்கும் காலாவதி உண்டு. கறந்த பாலுக்கு நாலு மணி நேரம். பழுத்த தக்காளிக்கு மூணு நாள். வெட்டின கரும்புக்கு ஒரு நாள். எங்க ஊர்ல கெடாம அப்படியே இருக்கறது ரெண்டே ரெண்டு: ஒன்னு பிராந்தி, இன்னொன்னு பேங்க் கடன். கடனைப் பத்தி நிறைய எழுதியாச்சு. இன்னைக்குப் பிராந்தி.

முதல்ல, பட்டணத்து சொந்தக்காரங்க அடிக்கடி கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லிடறேன். "வெளிநாட்டுல இருந்து வந்த பாட்டில், அலமாரியில பல வருஷமா கிடக்குது, கெட்டுப் போயிருக்குமா?"

மூடி உடைக்காத பாட்டில்னா கெடாது. பத்து வருஷம் ஆனாலும் கெடாது. வெயில் படாத, சூடு ஏறாத இடத்துல வச்சிருந்தா போதும். ஜன்னலோரமா, ஸ்டவ்வுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது. நிக்க வச்சுதான் வைக்கணும். திராட்சை ஒயின் பாட்டிலைப் படுக்க வைப்பாங்க, தக்கை காயாம இருக்க. பிராந்தியைப் படுக்க வச்சா அதுல இருக்கற ஆல்கஹால் தக்கையையே அரிச்சு உதிர்த்துடும். திருகு மூடின்னா அந்தப் பிரச்சினை இல்லை, ஆனாலும் நிக்க வைக்கறதுதான் நல்லது.

திறந்துட்டா கணக்கு வேற. காத்து உள்ள போகும். வாசனை கொஞ்சம் கொஞ்சமா மங்கும். மூடி சரியா இல்லைன்னா ஆல்கஹாலும் ஆவியாகும். பாதிக்கு மேல இருந்தா ஒரு வருஷம் கூட ருசி பெருசா மாறாது. அடியில கொஞ்சம்தான் இருக்குன்னா சில மாசத்துல சப்புன்னு ஆயிடும். ஆனா அது ருசி போறதுதான், விஷம் ஆகறது இல்லை. பால் கலந்த கிரீம் வகை பானம் மட்டும் விதிவிலக்கு. அது கெடும், அதுல தேதியும் போட்டிருப்பான்.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்லிடணும். பழைய பிராந்தின்னா ஒசத்தி, அதனால வாங்கி வச்சா வருஷத்துக்கு வருஷம் மதிப்பு கூடும்னு நினைக்கறாங்க. பிராந்திக்கு வயசு ஏறறது ஓக் மரப் பீப்பாயில இருக்கற வரைக்கும்தான். பிரான்சுல கோன்யாக் பக்கம் பீப்பாயில ரெண்டு வருஷமாவது இருந்தாதான் விஎஸ், நாலு வருஷம்னா விஎஸ்ஓபி, பத்து வருஷம்னா எக்ஸ்ஓ. பீப்பாயில இருக்கும்போது வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். அதை அங்க தேவதைகளோட பங்குன்னு சொல்லுவாங்க. அந்த ஆவியைத் தின்னு ஒரு பூஞ்சை வளர்ந்து கிடங்குச் சுவர் எல்லாம் கரியா ஆகிடும். ஆனா பாட்டில்ல ஊத்தின நிமிஷத்தோட வயசு நின்னு போச்சு. பத்து வயசுப் பிராந்தியை முப்பது வருஷம் அலமாரியில வச்சாலும் அது பத்து வயசுப் பிராந்திதான். 

ஏன் கெடறதில்லை? ஒரு பொருளைக் கெடுக்கறது கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. பாலைத் தயிராக்கறதும், கள்ளைப் புளிக்க வைக்கறதும், பழச்சாறைக் காடியாக்கறதும் அதுங்கதான். ஆல்கஹாலை உண்டாக்கற ஈஸ்டே 15 சதவீதத்தைத் தாண்டினா தாக்குப் பிடிக்காது. 42.8 சதவீதத்துல எந்தக் கிருமியும் குடும்பம் நடத்த முடியாது. பிராந்தி கெடாததுக்குக் காரணம் அவ்வளவுதான். அதுல எந்த உயிரும் வாழ முடியாது.

பேரே அந்தக் கதையைத்தான் சொல்லுது. டச்சுக்காரங்க மொழியில அதுக்குப் பேரு பிராண்டவைன். எரிச்ச ஒயின்னு அர்த்தம். பிரான்ஸ்ல இருந்து ஒயினைக் கப்பல்ல ஏத்திட்டுப் போனா வழியில புளிச்சுடும். காய்ச்சி வடிச்சு எடுத்தா இடமும் கம்மி, கெடவும் கெடாது. அதாவது பிராந்திங்கறது வியாபாரி கண்டுபிடிச்ச சரக்கு. தூரமா கொண்டு போகணும், ரொம்ப நாள் வைக்கணும், நல்ல விலை வரும்போது விக்கணும். இந்த மூணுக்காகவும் உண்டானது.

சரி, நம்ம ஊர்ப் பிராந்திக்கு வருவோம்.

டாஸ்மாக்ல விக்கற பிராந்தியில பெரும்பாலானதுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி. பேருக்குக் கொஞ்சம் திராட்சைப் பிராந்தி சேர்த்திருப்பாங்க. மத்தபடி அடிப்படைச் சாராயம் சர்க்கரை ஆலையில மிஞ்சற மொலாசஸ்ல இருந்தோ, தானியத்துல இருந்தோ எடுத்தது. அதுல தண்ணி, வாசனை, கருகின சர்க்கரை நிறம் சேர்த்து பாட்டில்ல அடைக்கறாங்க. மொலாசஸ் யார் வீட்டுப் பொருள்? எங்க வீட்டுப் பொருள். கரும்பு எங்களுது.

நான் விழுப்புரம் மாவட்டத்துக்காரன். எங்க பக்கம் கரும்பும் உண்டு, பனையும் உண்டு. அதனால இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் அத்துப்படி. ஒரு டன் கரும்பை அரைச்சா 90 முதல் 100 கிலோ சர்க்கரை வரும். நாப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல மொலாசஸ் வரும். அந்த மொலாசஸ்ல இருந்து சுமார் 10 லிட்டர் ஆல்கஹால் எடுக்கலாம். அதை 42.8 சதவீதத்துக்குத் தண்ணி கலந்தா 23 லிட்டர். 180 மில்லி குவார்ட்டரா அடைச்சா ஏறக்குறைய 125 பாட்டில். குவார்ட்டர் நூறு ரூபாய்க்குக் கீழ கிடைக்கற காலம் போச்சு. ஆக ஒரு டன் கரும்போட கழிவு மட்டுமே கடையில 12,500 ரூபாயைத் தாண்டுது. அதுல பெரும்பங்கு வரின்னு தெரியும், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனா எனக்கு எவ்வளவு? 2025-26க்கு மத்திய அரசு சொன்ன விலை, 10.25 சதவீதம் பிழிதிறன் இருந்தா டன்னுக்கு 3,550 ரூபாய். பிழிதிறன் 9.5க்குக் கீழ போனா 3,290 ரூபாய் 50 பைசா. வெட்டுக்கூலி நம்ம தலையில.

இங்கதான் கெடறது, கெடாததுங்கற விஷயம் வருது. கரும்பை வெட்டிப் போட்டா அன்னைக்கே ஆலைக்குப் போகணும். லாரி ஆலை வாசல்ல ஒரு நாள் நின்னாலும் கரும்பு காயும், எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். அந்த நஷ்டம் எங்களுது. அதே கரும்புல இருந்து வந்த மொலாசஸ் ஆலைத் தொட்டியில மாசக்கணக்குல நிக்கும், விலை பார்த்து விப்பாங்க. அதுல இருந்து வந்த சாராயம் இன்னும் அதிக நாள் நிக்கும். ஒரே பயிர்தான். என் கையில இருக்கற வரைக்கும் ஒரு நாள் ஆயுசு. என் கையை விட்டுப் போனதும் சாகாவரம்.

கெடற பொருளை வச்சிருக்கறவனுக்குப் பேரம் பேச நேரம் இல்லை. கெடாத பொருளை வச்சிருக்கறவனுக்கு நேரமே வேலை செய்யுது. விவசாயியோட கஷ்டத்துல பாதியை இந்த ரெண்டு வரியில அடக்கிடலாம்.

எங்க ஊர்ல பிராந்தியை எங்க வைப்பாங்கன்னு கேட்டீங்கன்னா, வைக்கறதே இல்லை. கெடாத சரக்குக்கு எங்க ஊர்ல ஆயுசு இருபது நிமிஷம். குவார்ட்டரை வாங்கி, மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி நின்னு, ரெண்டு மடக்குல முடிச்சுட்டு வீட்டுக்குப் போறாங்க. வீட்டுல பாட்டில் இருந்தா சண்டை வரும்னு பயம். வைக்கோல் போருக்குள்ள ஒளிச்சு வைக்கறவங்களும் உண்டு. பட்டணத்துல ஒரு பாட்டில் ஒரு வருஷம் வருதுன்னா, இங்க ஒரு நாள் கூலியில பாதி சாயங்காலத்துக்குள்ள போகுது. 

தீர்ந்ததுக்கு அப்புறமும் ஒன்னு கெடாம மிஞ்சுது: பாட்டில். வரப்புல வீசிட்டுப் போறாங்க. சேறு அடிக்கும்போது டிராக்டர் ஏறி உடையுது. நடவு நடற பொம்பளைங்க காலைக் கிழிக்குது. மாட்டுக் குளம்புல ஏறினா அந்த மாடு ஒரு வாரம் எழுந்திருக்காது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூபாய்ங்கற திட்டம் 2022ல நீலகிரியில நீதிமன்ற உத்தரவால ஆரம்பிச்சது. அப்புறம் வேற மாவட்டங்களுக்கும் வந்தது. நல்ல திட்டம். ஆனா மோட்டார் கொட்டகைப் பின்னாடி குடிக்கறவன் பாட்டிலைத் தூக்கிட்டு மறுபடி கடைக்குப் போற வழக்கம் இன்னும் வரலை. 

இதைவிட மோசமானது ஒன்னு. காலி பிராந்தி பாட்டில்ல பூச்சிமருந்தைக் கொஞ்சம் ஊத்தி எடுத்து வைக்கறாங்க. அரை லிட்டர் டப்பாவுல மிச்சம் இருக்கு, பக்கத்து வயக்காரருக்கு நூறு மில்லி வேணும், கைக்குக் கிடைச்சது குவார்ட்டர் பாட்டில். அதைப் பரண்ல வச்சுட்டு மறந்துடறாங்க. இருட்டுல எடுத்தா எது பிராந்தி, எது மருந்துன்னு யாருக்குத் தெரியும்? இதைப் படிக்கற உங்களுக்கு ஊர்ல நிலமோ சொந்தக்காரங்களோ இருந்தா இந்த ஒன்னை மட்டுமாவது போன் பண்ணிச் சொல்லுங்க: பூச்சிமருந்தை அது வந்த டப்பாவுலயே வைக்கணும், குடிக்கற பாட்டில்ல எப்பவும் ஊத்தக் கூடாது.

பழைய சரக்கு விஷமா மாறிடுச்சுன்னு ஒரு பேச்சும் இங்க உண்டு. அது தப்பு. பிராந்தி பழசானதால யாரும் சாகறதில்லை. 2023ல எங்க மாவட்டத்துல மரக்காணம் பக்கத்துலயும், 2024ல கள்ளக்குறிச்சியிலயும் ஆளுங்க செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால. கள்ளக்குறிச்சியில மட்டும் அறுபது பேருக்கு மேல. மெத்தனால் ஆலைக்கான ரசாயனம். நாள்பட வச்சதால உண்டாகறது இல்லை, எவனோ ஒருத்தன் கொண்டு வந்து ஊத்தினது. 

இப்ப பனைக்கு வருவோம். பிராந்திக்கு நேர் எதிர்க்கடையில நிக்கற பொருள் அது.

பனையேறி விடியறதுக்கு முன்னாடி மரத்துல இருப்பார். அறுபது எழுபது அடி. பாளையைச் சீவி, கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டிட்டு வருவார். சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளையைச் சீவணும். ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம். முப்பது மரம்னா அறுபது ஏத்தம். ஒரு நாள் சீவாம விட்டா பாளை அடைச்சுக்கும், அந்தப் பருவமே போச்சு. 

சுண்ணாம்புதான் அங்க காவல்காரன். சுண்ணாம்பு இருக்கற கலயத்துல புளிப்பு ஏறாது, இறங்கறது இனிப்பான பதநீர். சுண்ணாம்பு தடவலைன்னா கலயத்துல சொட்ட ஆரம்பிச்ச நேரத்துல இருந்தே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிடும், இறங்கறது கள். அதுல ஆல்கஹால் நாலஞ்சு சதவீதம், ஏறக்குறைய பீர் அளவு. சாயங்காலம் ஆனா கடுப்பு ஏறும், மறுநாள் காடி. பதநீருக்கும் சுண்ணாம்பு கொடுக்கற அவகாசம் அரை நாள்தான். வெயில் ஏற ஏற ருசி மாறும். எங்க ஊர்ல பதநீர்க்கு பத்து மணிதான் எல்லை. பத்து மணிக்குள்ள வித்தா காசு. இல்லைன்னா அடுப்புல ஏத்திப் பனைவெல்லமா காய்ச்சணும்.

பிராந்தியில எந்த உயிரும் வாழ முடியாது. பதநீர்ல உலகத்துல இருக்கற எல்லா உயிரும் குடியேறப் பார்க்குது. நாம எதை நல்ல பொருள்னு நினைக்கறோம்? கெடாததை. சட்டமும் அப்படித்தான் நினைக்குது.

கொஞ்சம் வரலாறு. 1937ல ராஜாஜி ஆட்சியில மதுவிலக்குச் சட்டம் வந்தது, சேலம் மாவட்டத்துலதான் முதல்ல அமல். 1971ல கருணாநிதி ஆட்சியில மதுவிலக்கை ஒத்தி வச்சாங்க. கொஞ்ச வருஷத்துல கள்ளும் சாராயமும் மறுபடி மூடப்பட்டது. 1981ல எம்.ஜி.ஆர். ஆட்சியில திறந்தாங்க. 1983ல டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987 ஜனவரியில கள்ளும் சாராயமும் திரும்ப மூடப்பட்டது, பிராந்தியும் விஸ்கியும் தொடர்ந்துச்சு. 2003 நவம்பர்ல இருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு. 2023-24ல டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். 

இதுல எந்தக் கட்சியையும் நான் தனியா குறை சொல்லலை. எல்லாரும் ஒரே பக்கம்தான் போயிருக்காங்க. ஏன்னு யோசிச்சா எனக்குக் கிடைக்கற பதில் ஒன்னுதான். கெடாத சரக்கைக் கிடங்குல அடுக்கலாம், சீல் வைக்கலாம், எண்ணலாம், வரி போடலாம், நாலாயிரத்துக்கும் மேல கடைக்கு லாரியில அனுப்பலாம். மரத்தடியில காலையில இறங்கி மதியத்துக்குள்ள தீர்ந்து போற பொருளை எப்படிக் கிடங்குல அடுக்கறது? எண்ணறதுக்குள்ள புளிச்சுடும். கள் கெட்டதுங்கறதால மட்டும் மூடலை, வச்சு விக்க முடியாததுங்கறதும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன். 

எங்க ஊர்ல இருந்து புதுச்சேரி எல்லை ரொம்ப தூரம் இல்லை. எல்லையைத் தாண்டினா கள்ளுக்கடை சட்டப்படி நடக்குது. அதே மண், அதே பனை, அதே பனையேறி. இந்தப் பக்கம் இறக்கினா வழக்கு, அந்தப் பக்கம் இறக்கினா லைசென்ஸ். மரத்துக்கு எல்லை தெரியாது.

"அப்போ கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. நேரா சொல்லிடறேன். ஊர்ல இன்னொரு குடிக்கடை வரணும்னு நான் கேக்கலை. குடியால அழியற குடும்பத்தை உங்களைவிட நான் கிட்டத்துல பார்க்கறேன். கள் கலப்படம் ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன். தெலங்கானாவுல கள்ளுல குளோரல் ஹைட்ரேட், தூக்க மாத்திரைன்னு கலந்து ஆளுங்க செத்திருக்காங்க. மரம் கொடுக்கற அளவுக்கு மேல விக்க ஆசைப்பட்டா எந்தப் பொருளும் விஷமாகும். நான் கேக்கறது ஒரே அளவுகோல். குடி கெட்டதுன்னு கள்ளைத் தடுத்தா, அதைப் போலப் பத்து மடங்கு சாராயச் சத்து இருக்கற பிராந்தியை அரசே விக்கறதுக்கு நியாயம் சொல்லணும். நியாயம் இல்லை, வருமானம்தான்னா அதையாவது வாய்விட்டுச் சொல்லணும்.

அதுக்கு நடுவுல அடிபடறது கள் இல்லை, பதநீர்தான். பதநீர் இறக்கறது குற்றம் இல்லை. ஆனா கலயத்தை எடுத்துட்டு சைக்கிள்ல போற மனுஷன் வழியில யாராவது நிறுத்தி மோந்து பார்ப்பாங்களோன்னு பயந்துட்டேதான் போறார். பத்து மணிக்குள்ள விக்க வேண்டிய பொருளோட ரோட்டோரத்துல அரை மணி நேரம் நின்னா என்ன ஆகும்? புளிக்க ஆரம்பிக்கும். புளிச்சா அது கள். பிராந்தி லாரியை ஒரு வாரம் நிறுத்தி வச்சாலும் உள்ள இருக்கறது மாறாது. சோதனைங்கற ஒரே வேலை, ஒருத்தருக்குத் தாமதம், இன்னொருத்தருக்குக் குற்றம்.

விளைவு என்ன? பையன் ஏற மாட்டேங்கறான். பொண்ணு கொடுக்க மாட்டேங்கறாங்க. ஏற ஆள் இல்லாத பனை செங்கல் சூளைக்கு விறகாப் போகுது. 2021ல வந்த முதல் வேளாண் பட்ஜெட்ல பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு சொன்னாங்க. நல்லது. ஆனா மரத்தைச் சட்டம் காப்பாத்தாது, ஏறறவர்தான் காப்பாத்துவார். மரத்துல இருந்து வருமானம் வந்தா எவன் வெட்டுவான்? பனை மாநில மரம்னு பாடப்புத்தகத்துல போட்டுட்டு, ஏறறவரைச் சந்தேகமா பார்த்தா மரம் புத்தகத்துல மட்டும்தான் மிஞ்சும்.

பெரியவங்க இந்தக் கெடற பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. அதுதான் பனைவெல்லம். எட்டுப் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினா ஒரு கிலோ. ஓலைப்பெட்டியில போட்டு, அடுப்புப் புகை படற பரண்ல வச்சா ஒரு வருஷம் கெடாது. தெற்கே உடன்குடியில கருப்பட்டியை இப்படித்தான் வைப்பாங்க. 2023ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. பனையேறிக்கும் கெடாத பொருள் ஒன்னு கையில இருந்துச்சுன்னா அது வெல்லம்தான். மழைக்காலத்துல வித்தா நல்ல விலை. 

அதையும் கெடுத்தாச்சு. கரும்புச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சறாங்க. விலை பாதிக்குப் பாதி. சுத்தமா காய்ச்சறவர் போட்டி போட முடியலை. வேடிக்கையைப் பாருங்க. கரும்போட கழிவு பிராந்தியா வந்து கள்ளோட இடத்தைப் பிடிச்சுது. கரும்போட சர்க்கரை கலப்படமா வந்து பனைவெல்லத்தோட இடத்தைப் பிடிச்சுது. கரும்பு போடற எனக்கும் அதுல ஒன்னும் மிஞ்சலை. கெடாத பொருள் எப்பவும் வேற யாரோ கையிலதான் இருக்கு.

இதுக்கு வழி இல்லையா? இருக்கு. பாலைப் பாருங்க. பதநீரைவிட அவசரமான பொருள் அது. கறந்து நாலஞ்சு மணி நேரத்துல திரியும். ஆனா காலையில ஆறு மணிக்கு ஊர் சங்கத்துல ஊத்தறோம். அளக்கறாங்க, குளிரூட்டற தொட்டிக்குப் போகுது, 4 டிகிரியில நிக்குது, பட்டணத்துல உங்க வாசலுக்கு வருது. பால் கெடற பொருள், அதனால வேண்டாம்னு யாரும் மூடலை. கெடறதுக்கு ஏத்த மாதிரி ஏற்பாட்டைச் செஞ்சாங்க. அதனாலதான் ரெண்டு மாடு வச்சிருக்கற பொம்பளைக்கு வாரா வாரம் காசு கைக்கு வருது. 

பதநீருக்கும் இது முடியும். காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்துல தென்னம்பாளையில கட்டற ஐஸ் பெட்டி ஒன்னு உருவாக்கியிருக்காங்க. சுண்ணாம்பே இல்லாம, சொட்டுச் சொட்டா விழறதை அங்கயே குளிர வச்சு, புளிக்காத சாறா இறக்கறாங்க. கல்பரசான்னு பேரு. தமிழ்நாட்டுலயும் 2017ல நீரா இறக்க விதி வந்தது, தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தாங்க. பனைக்கு இந்த அளவு அக்கறை எங்க பக்கம் வந்து நான் பார்க்கலை. பருவம் நாலஞ்சு மாசம்தான். அந்த நாலஞ்சு மாசம் காலையில ஏழு மணிக்கு ஒரு குளிர் வண்டி ஊருக்கு வந்தா போதும். பால் வண்டி வர அதே ரோடுதான். பனையேறிக்கு ஒரு அடையாள அட்டை, பதநீர் கலயத்தை வழியில நிறுத்தக் கூடாதுன்னு ஒரு தெளிவான உத்தரவு, வெல்லத்துல சர்க்கரை கலந்திருக்கான்னு பார்க்க வட்டத்துக்கு ஒரு சோதனை வசதி. நான் கேக்கறது இவ்வளவுதான். பிராந்திக்குக் கட்டின கிடங்குகளோட செலவுல இது ஒரு மூலைக்குக் கூட வராது. 

படிக்கற உங்ககிட்டயும் கேக்க ஒன்னு இருக்கு. நெடுஞ்சாலையில மதியம் ரெண்டு மணிக்குப் பதநீர்னு போர்டு பார்த்தா வண்டியை நிறுத்தாதீங்க. அந்த நேரத்துக்கு அவ்வளவு இனிப்பா ஒரு பதநீர் இருக்குன்னா அதுல வேற என்னவோ இருக்கு. காலையில எட்டு மணிக்குள்ள, மரத்தடிக்குப் பக்கத்துல, ஓலைப் பட்டையில ஊத்தித் தர்றவர்கிட்ட குடிங்க. விலை கேட்டா பேரம் பேசாதீங்க. பனைவெல்லம் கிலோ நூத்தைம்பதுன்னா அதுல பனை இல்லைன்னு புரிஞ்சுக்கோங்க. பத்து லிட்டர் பதநீர், விறகு, ஏத்தம் எல்லாம் சேர்த்து அந்த விலைக்கு வராது. சுத்தமான வெல்லம் ஈரம் இழுக்கும், மழைக்காலத்துல இளகும். அதைக் குறைன்னு திருப்பி அனுப்பாதீங்க. காத்துப் புகாத டப்பாவுல போட்டு வைங்க.

அலமாரியில இருக்கற பிராந்தியைப் பத்திக் கவலைப்படவே வேண்டாம். அது அடுத்த வருஷமும் அங்கயே இருக்கும், அதுக்கடுத்த வருஷமும் இருக்கும். எங்க ஊர்ல மரம் ஏறத் தெரிஞ்சவர் இப்ப ஒரே ஒருத்தர். வயசு அறுபதைத் தாண்டிடுச்சு. அவருக்குத் தெரிஞ்ச தொழிலை எந்த பாட்டில்லயும் அடைச்சு வைக்க முடியாது. அடுத்த பருவம் தை, மாசியில ஆரம்பிக்குது. வர்றவங்க காலையில வாங்க.